ஓட்டப் படம்

படத்தில் மகளுக்கு முகமே இல்லை. புல்தரைக்குக் குறுக்கே சிவப்பாக ஒரு தீற்றல் போயிருந்தது, அவ்வளவுதான்.

"இன்னொரு தடவை ஓடு சிட்டு."

"கால் வலிக்குதுப்பா."

"கடைசித் தடவைடா. சத்தியமா."

"நீ இதையேதான் அப்பலேருந்து சொல்றே" என்றாள் மகள். ஆனாலும் பூங்காவின் அந்தக் கோடிக்குப் போய், பிறந்த நாள் சட்டையின் கையை முழங்கை வரை சுருட்டிக்கொண்டு ஓடி வந்தாள்.

அவன் கைப்பேசியை நீட்டி அழுத்தினான். இந்த முறை தீற்றல்கூட இல்லை. அவள் கடந்து போன பெஞ்சு மட்டும் ஆணி முதற்கொண்டு தெளிவாக விழுந்திருந்தது.

வீட்டு மாடிப்படிச் சுவரில் மகளின் ஓட்டப் படங்கள் வரிசையாக மாட்டியிருந்தன. பிறந்த நாளுக்கு ஒன்று என்று அவன் மனைவி தொடங்கி வைத்த பழக்கம். ஒரு கால் தரையில், ஒரு கால் காற்றில். இமை முடியைக்கூட எண்ணிவிடலாம். கண் மட்டும் லென்ஸைப் பார்க்காது. அவன் தலைக்கு மேலே எதையோ பார்த்துச் சிரிக்கும்.

"ஓடுற பிள்ளையை அப்படியே நிறுத்திடுவாரு இவரு" என்று வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் மனைவி பெருமையடிப்பாள். அவன் வெட்கப்பட்டுக்கொண்டு காபி டம்ளரை எடுக்க உள்ளே போய்விடுவான்.

காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போன மனைவி திரும்பி வரவில்லை. வீட்டில் எதைத் தொட்டாலும் அவள் கை பட்டதாக இருந்தது. கேமராவையும் லென்ஸ்களையும் ஒரு பையில் அள்ளிப் போட்டு, பூங்காவுக்கு எதிரே இருந்த ஸ்டுடியோவில் விற்றுவிட்டான். இனி யாரை எடுக்கப் போகிறோம், எடுத்தாலும் கைப்பேசி போதும் என்று தோன்றியது.

போன பிறந்த நாளுக்குப் படம் எடுக்கவில்லை. இன்று காலை மகள் பள்ளிப் பையோடு படியில் இறங்கியவள், சுவரில் கடைசிப் படத்துக்கு அடுத்த காலி இடத்தைக் கண்டு நின்றாள்.

"அதுக்கப்புறம் நான் வளரவே இல்லையாப்பா?"

அலுவலகத்தில் நாள் முழுவதும் அந்தக் கேள்விதான் காதில் இருந்தது. இன்று இருட்டுவதற்குள் ஒரே ஒரு படம் வேண்டும். மகளின் முகம் தெரிகிற படம்.

மகளைக் கையில் பிடித்துக்கொண்டு சாலையைத் தாண்டிப் போய் ஸ்டுடியோக்காரரிடம் நின்றான். கேமரா இன்னும் விற்காமல் கண்ணாடி அலமாரியில் இருந்தது.

"திருப்பி வாங்கிக்கிறேங்க. அதுக்கு முன்னாடி, வெளிச்சம் போறதுக்குள்ள ஒரு படம் எடுத்துக்கறேன்."

ஸ்டுடியோக்காரர் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "வித்த பொருளை இரவல் கேக்கற முதல் ஆள் நீங்கதான் சார்."

"வித்திருக்கக் கூடாது."

அவன் சொன்ன விதத்தில் அவருக்குச் சிரிப்பு அடங்கிவிட்டது. கேமராவை எடுத்துத் துடைத்து, பேட்டரி போட்டுக் கையில் கொடுத்தார். கடையை அப்படியே விட்டுவிட்டு அவன் கூடவே பூங்காவுக்கு வந்தார்.

கேமரா கைக்கு வந்ததும் விரல்கள் தம் இடங்களைத் தாமே தேடிக்கொண்டன. வியூஃபைண்டரில் கண்ணை வைத்தான். ஒரு நொடி, எல்லாம் பழையபடி இருந்தது.

"ஓடி வா சிட்டு!"

மகள் ஓடி வந்தாள். அவனைத் தாண்டியும் ஓடினாள். திரையைப் பார்த்தான். மங்கலாக ஒரு காது.

மறுபடி எடுத்தான். ரிப்பன். இன்னொன்றில் முகம் இருந்தது, ஆனால் நீரில் கரைத்த மாதிரி.

"என்ன பண்ணி வச்சிருக்கீங்க இதை?" குரல் உயர்ந்துவிட்டது.

"நான் தூசி தட்டினதோட சரி சார். நீங்க குடுத்தது குடுத்தபடிதான் இருக்கு."

"பொய் சொல்லாதீங்க. இதே கேமரால, இதே பொண்ணு, இதே பூங்கா. ஒண்ணுகூடக் கலைஞ்சதில்லை. நான் விட்டுட்டுப் போனதும் யாரோ கையை வச்சிருக்காங்க."

ஸ்டுடியோக்காரர் கேமராவை வாங்கி, எதிரிலிருந்த மரத்தைக் குறி வைத்து ஒரு படம் எடுத்து நீட்டினார். பட்டையின் விரிசல் ஒவ்வொன்றும் தெரிந்தது.

அவன் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தான்.

மகள் மூச்சு வாங்க வந்து அவன் காலடியில் பொத்தென்று உட்கார்ந்தாள். "நான் எப்பதான்ப்பா நிக்கறது?"

"ஏன் நிக்கணும்? ஓடத்தானே சொன்னேன்?"

அவள் ஸ்டுடியோக்காரரை ஒரு முறை பார்த்தாள். பிறகு அப்பாவின் கையைப் பிடித்து இழுத்து, குனிய வைத்தாள்.

"உங்கிட்ட சொல்லக் கூடாதுன்னு அம்மா சொல்லியிருக்கா. அப்பா சந்தோஷப்படட்டும்னு."

"எதைச் சொல்லக் கூடாது?"

"நான் ஓடி வரும்போது அம்மா உன் பின்னாடி நின்னு கையைத் தூக்குவா. உடனே நான் ஒரு நொடி அசையாம ஒத்தைக் கால்ல நிப்பேன். நீ எடுத்துக்குவே. அம்மா கையை இறக்கினதும் திரும்ப ஓடுவேன்."

அவன் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"இப்ப யாருமே கையைத் தூக்கலையேப்பா."