அதே செவுரு

சேத்தியாத்தோப்பில் பஸ் ஏறும்போதே அன்பரசி முடிவு பண்ணிவிட்டாள். தம்பியை இன்றைக்குக் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட வேண்டியதுதான். அவன் துணிமணிக்கென்று காலிப் பை ஒன்றையும் எடுத்து வந்திருந்தாள்.

பின்னே என்ன? பைக்கிலிருந்து விழுந்து வலது மணிக்கட்டு முறிந்து நாலு மாதம் ஆகிறது. எலும்பு கூடிவிட்டது, விரல்தான் மடங்குவேனா என்கிறது. பீங்கான் கம்பெனியில் கப்புக்குக் கைப்பிடி ஒட்டுகிற கை அது. கட்டினவள் பக்கத்தில் உட்கார்ந்து அந்த விரலை நீவிவிட வேண்டாமா? அவன் போனஸ் மொத்தத்தையும் போட்டு வீடியோ கேம் வாங்கி, கார் ஓட்டி விளையாடிக்கொண்டிருக்கிறாளாம். விருத்தாசலத்துக்குப் போய் வந்தவர்கள் எல்லாரும் அதைத்தான் சொன்னார்கள்.

சொன்னது பொய்யில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, டி.வி.க்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள் வாசுகி. கையில் புதுக் கன்ட்ரோலர். பச்சமுத்து கட்டிலில் சாய்ந்து கிடந்தான்.

"வாங்க அண்ணி. ஒரே நிமிஷம், இந்த ரேஸு முடிஞ்சிரட்டும்."

அன்பரசிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"டாக்டரு அமுக்கச் சொல்லி ஒரு ரப்பர் பந்து குடுத்தாரே, அது எங்கடி?"

"ஜன்னல் வழியா வீசிட்டாரு அண்ணி. பச்சப் புள்ள மாரி என்னைப் பந்து பிசையச் சொல்றியான்னு."

"வீசுனா, எடுத்தாந்து குடுக்க மாட்டியா?"

"மூணு தடவ எடுத்தாந்தேன்." வாசுகியின் கண் டி.வி.யை விட்டு நகரவில்லை.

இதற்குமேல் பேச்சென்ன? அன்பரசி பையை விரித்தாள். கொடியில் கிடந்த தம்பியின் சட்டைகளை உருவி மடித்து வைக்க ஆரம்பித்தாள்.

"கெளம்புடா. நம்ம வூட்டுக்குப் போவோம். நான் பாத்துக்கறேன் உன்னை."

பச்சமுத்து காதில் வாங்கினால்தானே! அவன் பார்வை முழுக்க டி.வி.யில் ஓடிய சிவப்புக் கார்மேல் இருந்தது.

"தோ பாரு, பாலம் வருது. பாலம் தாண்டுனதும் லெஃப்ட்டு. இப்ப திருப்பு. திருப்புடி!"

டமார்.

"பாத்தியாக்கா? மூணு வாரமா இதே செவுரு! ஒரு நாளாச்சும் திருப்புறாளா பாரேன்!"

தம்பியின் குணம் அன்பரசிக்குத் தெரியும். அடுத்தவர் கையில் வேலை கோணலாகப் போனால் அவனால் சும்மா இருக்க முடியாது. கம்பெனியில் பக்கத்து ஆள் கைப்பிடியைச் சாய்த்து வைத்தால், கப்பைப் பிடுங்கித் தானே ஒட்டிக் கொடுத்துவிட்டுத்தான் தன் வேலைக்குத் திரும்புவான். அன்பரசி மகள் கல்யாணத்தில் சமையல்காரர் கையிலிருந்து கரண்டியையே பிடுங்கிய ஆள்.

வாசுகி மறுபடி ஓட்டினாள். மறுபடி பாலம். மறுபடி டமார்.

"குடுடி இங்க!"

கட்டிலிலிருந்து இறங்கியே விட்டான். கன்ட்ரோலர் அவன் கைக்குப் போனது.

"உங்களால ஆவாதுங்க. வேகத்துக்கு வலது கை விரலாலதான் அமுக்கணும்."

"எனக்குத் தெரியும். நீ தள்ளு."

பாதி மடித்த சட்டையோடு அன்பரசி அப்படியே நின்றுவிட்டாள். குச்சி மாதிரி நீட்டிக்கொண்டிருந்த விரல் பட்டனைத் தேடியது. வழுக்கியது. திரும்பத் தேடியது. கார் மாட்டு வண்டி கணக்காக நகர்ந்தது. பச்சமுத்து பல்லைக் கடித்தான், நெற்றியெல்லாம் வேர்வை. விரல் நடுங்கி நடுங்கி, கொஞ்சம் கொஞ்சமாக மடங்கியது.

சிவப்புக் கார் சீறியது.

"பாலம் வருதுடா!" என்று கத்தியது யார் என்று பார்த்தால், அன்பரசியேதான்.

பாலம். வளைவு. லெஃப்ட்டு. சுவரை உரசாமல் கார் தாண்டிவிட்டது.

"வுடாதடா தம்பி! அந்த நீலக் காரைப் புடி! போ, போ, போ!" சட்டையைத் தலைக்குமேல் சுழற்றிக்கொண்டு அன்பரசி குதித்தாள்.

கோட்டைத் தாண்டும்போது சிவப்புக் கார்தான் முதலில்.

"ஜெயிச்சிட்டேன்க்கா!" என்று கையைத் தூக்கியவன் அப்போதுதான் தன் கையைப் பார்த்தான். ஐந்து விரலும் கன்ட்ரோலரைச் சுற்றி மடங்கியிருந்தன. அதை வாசுகி மடியில் போட்டுவிட்டு, கூட வேலை பார்க்கிற எதிர்வீட்டுக்காரனைக் கூப்பிட்டுக்கொண்டு பனியனோடு தெருவுக்கு ஓடினான்.

"யோவ் கலியமூர்த்தி! வெரலு மடங்குதுய்யா! கம்பெனியில சொல்லு, நான் வந்துடுவேன்!"

அன்பரசி அழுதுகொண்டே சிரித்தாள். இருந்தாலும் நாத்தனார் நாத்தனார்தானே?

"நல்ல வேளைடி, உனக்கு ஓட்டத் தெரியாம போச்சு."

வாசுகி சிரித்தாள். ஜெயித்தவர் பெயரை டி.வி. கேட்டது. 'பச்சமுத்து' என்று அடித்தாள். அதிவேகமாக ஓட்டியவர்களின் பட்டியல் ஒன்று வந்து நின்றது. அன்பரசி எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

முதல் பெயர் வாசுகி. இரண்டாவது வாசுகி. மூன்றாவதும் வாசுகி. நான்காவதாகத்தான் பச்சமுத்து.

"என்னடி இது?"

வாசுகி வாசல் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டு, பட்டியலைச் சட்டென்று மறைத்தாள்.

"அவரு மாத்திரை போட்டுத் தூங்கறப்ப, சத்தத்தைக் கொறச்சிட்டு ஓட்டுனது. சொல்லிடாதீங்க அண்ணி."

அன்பரசி பையிலிருந்த சட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடியில் திரும்பப் போட்டாள்.

"எப்படிடி பழகுனே இதையெல்லாம்?"

"ஜெயிக்கறதுக்கு ரெண்டே நாள்தான் ஆச்சு அண்ணி. அவருக்குச் சந்தேகம் வராம அந்தச் செவுத்துல மோதக் கத்துக்கறதுக்குத்தான் ஒரு வாரம் ஆச்சு."