கேட்டு வெட்டுவித்த வரி

“என்ரை சம்பளத்திலை வரியை வெட்டிவிடும், ஜெயகௌரி.”

வரியைக் குறைக்கச் சொல்லிக் கெஞ்சுகிற ஆட்களை ஜெயகௌரி நிறையக் கண்டிருக்கிறாள். வெட்டு என்று தானாக வந்து நிற்கிற மனுசனை அன்றைக்குத்தான் கண்டாள்.

யாழ்ப்பாணம் ரவுணில் உள்ள ஒரு தனியார் கல்வி நிலையத்தில் சம்பளம் போடுகிறவள் அவள். அருட்பிரகாசம் சேர் கிழமை நாளில் அரசாங்கப் பொறியியலாளர். சனி, ஞாயிறு இங்கே வகுப்பு எடுக்கிறார். அதற்கு மாதம் ஒரு லட்சத்துப் பத்தாயிரம்.

“ஒன்றரை லட்சத்துக்கு மேலை எண்டால்தானே சேர் வரி? உங்களுக்கு இஞ்சை ஒரு சதமும் வெட்டத் தேவையில்லை.”

“ரெண்டு சம்பளத்தையும் கூட்டிப் பாரும். வருச முடிவிலை மொத்தமா வந்து கழுத்தைப் பிடிக்கும். மாதா மாதம் இஞ்சையே வெட்டுப்பட்டால் கரைச்சல் இல்லை.”

“அப்ப வருச முடிவிலை கட்டுங்கோவன், சேர்.”

அவர் கிளிப் போட்ட இரண்டு கடதாசிகளை நீட்டினார்.

“எல்லாம் எழுதியிருக்கிறன். ரெண்டையும் வாசியும்.”

மேலே இருந்த, வரி வெட்டச் சொல்லும் கடிதத்தை மட்டும் வாசித்தாள். அதற்குள் தொலைபேசி அடித்துவிட்டது.

இரண்டு நாள் கழித்து அவருடைய மனைவி பெர்னடெட் குருநகரிலிருந்து வந்தாள். கதிரையில் இருக்க முதலே அழுகை.

“அக்கா, இனி மாதம் இருபதாயிரம் குறையுமாம். எங்கடை வீட்டுக்கு இன்னும் கூரை போடேல்லை. மூண்டு பிள்ளையளோடை தறப்பாளுக்குக் கீழை கிடக்கிறம். கேட்டால் வாய் திறக்கிறாரில்லை. கொழும்புக்கு வேறை மாதத்திலை ரெண்டு தரம் ஓடுறார். ஏன் எண்டும் சொல்லுறாரில்லை.”

ஜெயகௌரிக்குப் பத்திக்கொண்டு வந்தது. அரசாங்கத்துக்குக் கொடுக்க மனம் இருக்கிறது, பெண்சாதி பிள்ளைக்குக் கூரை போட மனம் இல்லை! கொழும்பில் என்ன கூத்தோ, ஆர் கண்டது?

“நீங்கள் அழாமல் போங்கோ தங்கச்சி. நான் அவரோடை கதைக்கிறன். வீட்டிலை நீங்கள் இதைப்பற்றி வாயே திறவாதையுங்கோ.”

அவள் கதைக்கவில்லை. அந்தக் கடதாசிகளை மேசை லாச்சியின் அடியில் தள்ளிப் பூட்டினாள், அவ்வளவுதான். சம்பளம் முழுதாகவே வங்கிக்குப் போனது. வங்கி அட்டை பெர்னடெட்டின் கையில். பிறகு சேருக்கு எப்படித் தெரியும்?

ஆவணியில் ஒருநாள் சேர் கேட்டார்.

“வரி வெட்டுப்படுதுதானே?”

“ஓம் சேர். ஒழுங்கா வெட்டுப்படுது.”

“நல்லது. அது ஒண்டுதான் எனக்கு நிம்மதி.”

ஆள் நன்றாக மெலிந்திருந்தார். கொழும்புச் சாப்பாடு ஒத்துவரவில்லைப் போல என்று ஜெயகௌரி மனதுக்குள் நக்கலடித்தாள்.

அடுத்த கிழமை பெர்னடெட் ஒரு பை நிறைய இறாலோடு வந்தாள். கூரை போட்டாயிற்று. “நீங்கள் கதைச்சபடியாத்தான் அக்கா!” ஜெயகௌரிக்குத் தன்னை நினைக்கப் பெருமையாக இருந்தது. இறாலும் நல்ல உருசி.

பங்குனி கடைசியில் சேர் செத்துப்போனார்.

புற்றுநோயாம். கொழும்புக்கு ஓடினதெல்லாம் மகரகம ஆசுப்பத்திரிக்காம். கடைசி மூன்று கிழமையில்தான் பெர்னடெட்டுக்கே தெரிந்ததாம். செத்தவீட்டில் ஜெயகௌரியும் அழுதாள். உண்மையாகத்தான் அழுதாள். லாச்சிக்குள் கிடந்தது ஞாபகம் வரவில்லை.

ஐப்பசி மழைக்குள் பெர்னடெட் கறுப்புச் சட்டையோடு வந்து நின்றாள். கையில் இறைவரித் திணைக்களத்தின் கடிதம். சேரின் பெயருக்கு இரண்டு லட்சத்து முப்பத்தெட்டாயிரம் ரூபா. தண்டம் வேறு.

“தாலிக்கொடி செத்தவீட்டுச் செலவுக்கே அடைவுக் கடைக்குப் போட்டுது அக்கா. இனி அந்தக் கூரையைக் கழட்டித்தான் விக்கவேணும்.”

அவள் கடிதத்தை மேசையில் போட்டாள்.

“நான் அழுதனான்தான். அதுக்காக வரியை வெட்டாமல் விட்டிடுறதே? தன்ரை வருத்தம் தனக்குத் தெரியும்தானே? எங்களை ஒரு சொட்டும் யோசிக்காமல் போட்டாரே, பாவி மனுசன்!”

ஜெயகௌரி கடிதத்தை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.

“ஒரு ஆள் சொன்னார் அக்கா, அவர் எழுதிக் குடுத்தும் வெட்டாமல் விட்டதெண்டால் சம்பளம் போடுற கந்தோர்தான் பொறுப்பாம். அவர் உங்களிட்டை ஏதும் எழுதித் தந்தவரோ? ஒரு துண்டுக் கடதாசி எண்டாலும் காணும்.”

ஜெயகௌரி லாச்சியைத் திறந்தாள். அடியில் அந்தக் கிளிப் அப்படியே இருந்தது. மேசை மறைவிலேயே இரண்டாவது கடதாசியைப் புரட்டினாள். சேரின் கையெழுத்து.

‘எனக்குப் புற்றுநோய். மனைவிக்கு இன்னும் சொல்லவில்லை. நான் இல்லாத காலத்தில் அவள் வரிக் கடிதத்தோடு கந்தோர் கந்தோராக அலையக் கூடாது. அதற்காகத்தான் இப்போதே வெட்டச் சொல்லுகிறேன். உம்மை நம்பித் தருகிறேன்.’

இதை எடுத்து மேசையில் வைத்தால் பெர்னடெட்டின் கூரை தப்பும். ஜெயகௌரியின் வேலை போகும்.

லாச்சியை மூடித் திறப்பைத் திருப்பிப் பூட்டினாள். எழும்பி வந்து பெர்னடெட்டின் கையைப் பிடித்தாள்.

“ஒண்டும் தரேல்லைத் தங்கச்சி. ஆம்பிளையள் உப்பிடித்தான். பெண்சாதி பிள்ளையளைப் பற்றி எங்கை யோசிக்கினம்?”