மிஞ்சிய தகடு

இங்கிலாந்தில் பிறந்த அந்தப் பழைய நார்ட்டன் மோட்டார் சைக்கிளை, கம்பெனிப் புத்தகத்தின் படங்களை வேதம்போல் நம்பி ஞானப்பிரகாசம் கழற்றிப் பூட்டி முடித்தபோது, கையகல இரும்புத் தகடு ஒன்று மிஞ்சியது. நடுவில் வழவழவென்று தேய்ந்திருந்தது. எந்தப் படத்திலும் அது இல்லை.

வீட்டுக் கடிகாரத்தை அவன் சரிசெய்தபோதும் இப்படித்தான் ஏதோ மிஞ்சியது. ஆகவே மனைவி ஃபிலோமினா முன்னமே சொல்லியிருந்தாள்: "ஒரு சாமான் மிஞ்சினாலும் நான் ஏற மாட்டேன்."

அவளை ஏற்றிக்கொண்டு ஒரு சுற்று வருவதற்குத்தான் இத்தனை பாடும். தகட்டைச் சட்டைப்பையில் ஒளித்துக்கொண்டு கூப்பிட்டான். அவள் ஒருபக்கமாக உட்கார்ந்து அவன் மார்பை வளைத்துப் பிடித்தாள்.

"நெஞ்சுல என்னங்க, இரும்பா?"

"சும்மாதான், பிலோ."

"சரி, ஒரு கால் வெச்சாச்சு. இன்னொன்னை எங்க வெக்கிறது?"

குனிந்து பார்த்தான். சேலைக்குக் கீழே அவள் பாதம் அந்தரத்தில் தொங்கியது. அதை ஒட்டிய சட்டத்தில்தான் இரண்டு துளைகள் இருந்தன. படத்தில் இல்லாத துளைகள் என்பதால், எவனோ வண்டியை நாசம் செய்திருக்கிறான் என்று திட்டி, பட்டி வைத்து அடைத்து, கண்ணாடிபோல் பெயின்ட் அடித்திருந்தான்.

தகட்டை வெளியே எடுத்து, அதன் நடுத்தேய்மானத்தைப் பெருவிரலால் தடவினான். "கில்லாடிடா நீ," என்றான், முகம் தெரியாத யாரிடமோ.

"மிஞ்சிடுச்சா? இறங்கட்டுமா?"

"ஐயோ, காலை அசைக்காதே!" என்று மண்டியிட்டு, தான் அடித்த பெயின்டை நகத்தால் சுரண்ட ஆரம்பித்தான்.