ஓட்மார் வயலில் இறங்கியவன்

“என் வயல்ல எறங்குறவனுக்கு ஒரு கீறல்கூட விழாது தம்பி. சும்மாவா? கல்லு கல்லா நானே பொறுக்கிப் போட்ட பூமி!”

கோதுமை அறுத்த தாளுக்கு நடுவே வெள்ளை வெளேரென்று நின்ற கிளைடரை, மாட்டைத் தட்டிக்கொடுப்பதுபோலத் தட்டினார் ஓட்மார்.

“மன்னிக்கணும் ஐயா. காத்து கைவிட்டுடுச்சு” என்றான் ஹென்னிங். எஞ்சின் இல்லாத விமானம். காற்று நின்றால் கண்ணில் பட்ட வயல்தான் கதி.

“மன்னிப்பு எதுக்கு? இந்த ரோன் மலையில எத்தனை வயல் கெடக்கு! என்னோடதப் பாத்து எறங்கினே பாரு, அங்கதான் நீ கெட்டிக்காரன். பக்கத்து வயல்காரன் வயித்தெரிச்சலோட வேலிக்கு மேல எட்டிப் பாக்குறான். அவன் வயல்ல ஒரு நாரைகூட எறங்காது!”

தோளில் கைபோட்டு வீட்டுக்குள் கூட்டிப்போனார். மனைவி வால்புர்கா காபியும் பிளம் பழக் கேக்கும் வைத்தாள்.

“எங்க ஒரே பொண்ணு ரோன்யாவும் பறக்குறவதான். மாநிலத்துலயே முதல் பரிசு! இன்னிக்கு வரைக்கும் அடுத்தவன் வயல்ல எறங்கினதில்ல. காத்து எங்க ஒளிஞ்சிருந்தாலும் மோப்பம் பிடிச்சுடுவா.”

“அந்தப் புள்ளைய மொதல்ல சாப்பிட விடுங்க” என்றாள் வால்புர்கா.

“சாப்பிடட்டுமே! நீ பாத்திருக்கணும்டி. கோழி முட்டைல உக்கார்ற மாதிரி எறக்கினான். பையன்னா இப்படி இருக்கணும்!”

ஹென்னிங் வாயிலிருந்த கேக்கை மெல்லாமலேயே விழுங்கினான். ஓட்மாரே இன்னொரு துண்டை எடுத்து அவன் தட்டில் வைத்தார்.

“சரி, உன் கிளப் நம்பரச் சொல்லு. வந்து கூட்டிட்டுப் போகட்டும்” என்று போனை எடுத்தபோது, வாசலில் கிளைடரைக் கழற்றி ஏற்றிப்போகும் நீளமான டிரெய்லரோடு ஒரு கார் வந்து நின்றது. இறங்கியவள் ரோன்யா.

ஓட்மாருக்கு ஒன்றும் புரியவில்லை. “இன்னும் யாருக்கும் சொல்லவே இல்லியே! அதுக்குள்ள எப்படிம்மா தெரியும்?”

“காலையிலயே டிரெய்லர மாட்டிட்டேன்பா. என்னைப் பொண்ணு கேட்டு வாசல் வழியா வந்தவங்களையெல்லாம் வெரட்டி விட்டீங்க. வானத்துலேர்ந்து வந்தாத்தானே உள்ள கூப்பிட்டு கேக் குடுப்பீங்க?”

ஓட்மார் மெல்லத் திரும்பினார். ஹென்னிங் எழுந்து நின்று, சட்டையில் ஒட்டியிருந்த கேக் துகளைத் தட்டிவிட்டுக்கொண்டான்.

“இன்னிக்குக் காத்துக்கு ஒரு கொறையும் இல்ல, மாமா.”