நீரடி நாட்டின் மூன்றாவது சட்டம்

"இந்தச் சட்டத்தை நான் எழுத மாட்டேன்" என்று பேனாவை மூடி வைத்தாள் ஜாக்குலின்.

வைஷ்ணவி, கரையேற்றியிருந்த படகின் நிழலில் கால் நீட்டி உட்கார்ந்து ஏரியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். துளிக் காற்று இல்லை. தண்ணீர் எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று தெரியாதபடி எல்லாம் ஒரே வெள்ளையாகக் கிடந்தது. தூரத்துப் பூநாரைகள் நிற்கின்றனவா, மிதக்கின்றனவா என்றுகூடச் சொல்ல முடியவில்லை.

அந்த ஏரிக்கு அடியில்தான் அவர்களுடைய நீரடி நாடு இருந்தது. பொன்னேரியில் காலேஜ் படிக்கும்போது இரண்டு பேரும் சேர்ந்து கட்டிய ராஜ்ஜியம். வைஷ்ணவி சொல்லச் சொல்ல ஜாக்குலின் எழுதுவாள். பிறகு அதைத் தன் குரலில் படித்து, வாராவாரம் போனில் கேட்கிற கதையாகப் போடுவாள். இதற்காகவே அனுப்பம்பட்டிலிருந்து ரயில் ஏறி, பஸ் மாறி, பழவேற்காட்டுக்கு அந்தப் பக்கம் இந்தக் குப்பம் வரைக்கும் வருவாள். நானூறு பேர் கேட்கிறார்கள்.

இந்த வாரம் நீரடி நாட்டில் முதல் பத்திரிகை வரப்போகிறது. பாசி இலையில் கணவாய் மீனின் மையால் எழுதுவார்கள். விடிவதற்குள் பூநாரைகள் கவ்விக்கொண்டு போய் வீட்டுக்கு ஒன்றாகப் போட்டுவிடும். எதை எழுதலாம், எதை எழுதக் கூடாது என்று ராணி சட்டம் போட வேண்டும்.

முதல் சட்டத்துக்கு இரண்டு பேரும் சிரித்தார்கள். பிடித்த மீனைவிடப் பெரிதாக எழுதக் கூடாது.

இரண்டாவது, ராணியைத் திட்டி எழுதலாம். ஆனால் ராணிக்கும் ஒரு இலை அனுப்பிவிட வேண்டும்.

மூன்றாவதை வைஷ்ணவி யோசிக்காமலே சொன்னாள். "கடலுக்குப் போனவங்க செத்துட்டாங்கன்னு யாரும் எழுதக் கூடாது. இன்னும் வரலன்னுதான் எழுதணும். மீறினா நாடு கடத்தல்."

அங்கேதான் ஜாக்குலினுக்குக் கை நின்றது.

"ராணியைத் திட்டலாம், உண்மையைச் சொல்லக் கூடாதா? இன்னா ராஜ்ஜியம் இது?"

"கதைதானே."

"கதை இல்லடி. இது எதுக்குன்னு எனக்குத் தெரியும்."

எட்டு மாதம் முன்பு முகத்துவாரத்தில் படகு கவிழ்ந்து, வைஷ்ணவியின் அண்ணன் பூவரசன் காணாமல் போனான். கூடப் போன சுப்பன் மட்டும் நீந்திக் கரையேறினான். எத்தனை நாள் தேடியும் பூவரசன் கிடைக்கவில்லை.

வைஷ்ணவி திரும்பிப் பார்த்தாள். சற்றுத் தள்ளி அவள் அம்மா தேவகி, வலையில் சிக்கிய பாசியைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். வைஷ்ணவி குரலைத் தாழ்த்தினாள்.

"அம்மா ஒரு வாரம் விடாம நம்ம கதையைக் கேக்குதுடி. வேற படகுக்காரங்க ஏத்திக்கினு ஆந்திரா பக்கம் போயிருப்பாங்க, அண்ணன் வந்துடும்னு நான்தான் சொல்லி வச்சிருக்கேன்."

"நிஜமா இன்னா ஆச்சு?"

"சுப்பண்ணன் கண்ணு முன்னாடியே அண்ணன் முழுகிடுச்சு. சுப்பண்ணனே எங்கிட்ட சொல்லி அழுதுச்சு. அம்மாகிட்ட மூச்சு விடக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டேன்."

ஜாக்குலினுக்குத் தன் வீடு நினைவுக்கு வந்தது. அவள் அப்பா இறந்தபோது வீடே கூடி அழுதது. நாற்பது நாள் ஜெபம் சொன்னார்கள். அப்படி அழுதுதான் அவள் அம்மா எழுந்து நடமாடினாள்.

"பெத்தவங்களை அழக்கூட விடாம வச்சிருக்கியே, இது பாவம் இல்லையா?"

"அது தாங்காது ஜாக்கு. நீ எழுதிக்கினு இரு, நான் டீ வாங்கினு வரேன்."

தூக்குவாளியோடு அவள் நடந்து போனாள். வெயிலில் அவள் உருவம் நீராவி மாதிரி நெளிந்து சிறுத்தது.

ஜாக்குலின் நோட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். எழுதுவதா வேண்டாமா என்பதல்ல இப்போது கேள்வி. யாராவது ஒருத்தர் சொல்லித்தான் ஆக வேண்டும். தேவகி பக்கத்தில் போய் மணலில் உட்கார்ந்தாள்.

"அம்மா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். பூவரசண்ணன் விஷயம்."

தேவகியின் விரல்கள் வலையிலேயே நின்றன. டீக்கடைப் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள்.

"அந்த மூணாவது சட்டத்தை எழுத மாட்டேன்னியே. காதுல விழுந்துச்சு."

"தப்புன்னு தோணுச்சும்மா. அதனாலதான்…"

"எழுதிடு கண்ணு."

ஜாக்குலின் விழித்தாள்.

"அன்னிக்கு அவனுக்குக் கடலுக்குப் போவ மனசே இல்ல. ஒடம்பு வலின்னு படுத்துக் கெடந்தான். வைஷ்ணவிதான் தண்ணி தெளிச்சு எழுப்பி அனுப்பினா. அந்த நெனப்புலயே சரியா தூங்குறதில்ல. அண்ணன் வந்துடுவான்ற நம்பிக்கையிலதான் நடமாடினு கீறா. உங்க கதையில அப்படி ஒரு சட்டம் இருந்தா, அதைப் புடிச்சிக்கினு இன்னும் கொஞ்ச நாள் இருப்பா."

"அம்மா, அப்போ உங்களுக்கு…"

தேவகி அடுத்த பாசியைப் பிய்த்து எறிந்தாள்.

"சுப்பன் கரையேறின ஈரத்தோட மொதல்ல எங்கிட்டதான் வந்து சொன்னான். வைஷ்ணவிக்கு மட்டும் தெரியக் கூடாதுன்னு அவன்கிட்ட சத்தியம் வாங்கி வச்சிருக்கேன்."