பாயின் தொப்பை

அன்று புளியமரத்தடியில் இருந்தது ஐந்து பேர். ஜீப்புக்குக் கூரை தைக்கும் கடையின் முதலாளி ஞானசிகாமணி, அவரிடம் தையல் வேலை பார்க்கும் கருத்தக்கண்ணன், ஜீப் ஓட்டுகிற பொன்னுராஜ், எதிர் டீக்கடை சங்கிலியம்மாள், கொச்சியிலிருந்து வந்த குரியன்.

குரியனிடம் பாய்மரப் படகு ஒன்று இருந்தது. அதில் மாலத்தீவு வழியாக ஆப்பிரிக்கா போகிறார். மாசிக்குள் கிளம்பாவிட்டால் காற்று மாறிவிடும். பிறகு அடுத்த வருசம்தான். கிழிந்த பாயைத் தைக்கச் சொல்லி போன வாரம் பொன்னுராஜ் மூலம் கூடலூரில் இந்தக் கடைக்கு அனுப்பியிருந்தார்.

இருபத்தெட்டு அடிப் பாயைக் கிளையில் ஏற்றி, கீழ் முனைகளை ஜீப்பில் கட்டினார்கள்.

"கப்பலுக்குக் கட்டுற வேட்டியாக்கும்?" என்றார் சங்கிலியம்மாள்.

மலைக்காற்று வந்தது. பாய் உப்பவில்லை. பலகை மாதிரி விறைத்து நின்று படபடத்தது.

குரியன் முகம் சிவந்துவிட்டது.

"நடுவில் வயிறு மாதிரி தொங்குமே, அது எவிடே? அதில்தான் காற்று நிக்கும். அதைப் பிடிச்சுத் தைச்சால் படகு எப்படிப் போகும்? யார் செஞ்சது?"

"நான்தான் சார்," என்றார் கருத்தக்கண்ணன். "ஜீப் கூரையில தொய்வு இருந்தா மழைத்தண்ணி தேங்கும். அந்தப் பழக்கம்."

"ஏரோப்பிளேனைக் கொடுத்தாலும் ஜீப் கூரையத்தான் சார் தைப்பான் இவன்," என்றார் ஞானசிகாமணி. குரல் மூன்று கடை தாண்டிக் கேட்டது. "இருபது வருசமாச் சொல்லிக்கொடுக்கேன், மண்டையில ஏறல. ஏலே, நாளையிலருந்து கடைக்கு வராத. மாடு மேய்க்கப் போ."

"சரி மொதலாளி."

"சரியாம். சொரணை இருக்கா பாருங்க."

"தெரியலைன்னா கேட்டுத் தைக்கணும். வாய் எதுக்கு இருக்கு?" என்றார் சங்கிலியம்மாள்.

"வெட்டின துணி இனி ஒட்டுமோ?" என்றார் குரியன்.

"வெட்டல சார். கால் மணி நேரம் கொடுங்க."

பாயை இறக்கினார்கள். மடிப்புகள் ஆறு. கருத்தக்கண்ணன் ஒவ்வொன்றிலும் நூல் நுனியைப் பிடித்து இழுத்தார். மொத்த நூலும் உருவிக்கொண்டு வந்தது. பிரிப்பதற்கென்றே ஓட்டிய தையல். உள்ளே துணி அப்படியே இருந்தது. பிரித்த இடத்தை உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்துவிட்டு அடுத்த மடிப்புக்குப் போனார்.

"என்ன தேய்க்கிறது?" என்றார் குரியன்.

"அழுக்கு சார்."

ஆறாவது நூலை உருவியதுமே குரியன் பொறுக்காமல் கயிற்றை இழுத்துவிட்டார். பாய் மேலே போனது. காற்று வந்தது. நிறைமாசக்காரி வயிறு போலப் பாய் உப்பியது. ஜீப் ஒரு ஆட்டம் ஆடியது.

குரியன் சிரித்தார். "வியாழக்கிழமை கிளம்பிடலாம்."

"அந்தத் தையல் நான் சொல்லிக்கொடுத்தது சார்," என்றார் ஞானசிகாமணி.

கருத்தக்கண்ணன் மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அங்கன உச்சியில நீலமா ஏதோ எழுதியிருக்கே, என்ன பொன்னு அது?" என்றார் சங்கிலியம்மாள்.

பொன்னுராஜ் ஜீப் மேல் ஏறி, சுண்ணக்கட்டி எழுத்தை வாசித்தார்.

"தொய்வைப் பிடித்து வெட்டு. ஞானசிகாமணி."

எழுதியது ஆறு இடத்தில். கருத்தக்கண்ணன் அழித்தது ஐந்து. மிச்சம் ஒன்று.