இருநூற்றுப் பதினான்காவது கையெழுத்து

"இன்னும் மூண்டு பேர் குறையுது, அண்ணை. ஏழு மணிக்குப் பூட்டிப்போடுவினம்."

செல்வமலர் நகரசபை வாசலில் கிடந்த வாங்கில் இருந்தபடி தொலைபேசியில் சொன்னாள். மணி ஆறு ஐந்து. மறுமுனையில் யோசெப் அண்ணை வான் ஓட்டிக்கொண்டிருந்தார். காலை ஒன்பது மணியிலிருந்து ஆட்களை ஏற்றுவதும் இறக்குவதுமாக இருந்தார் மனிதர். வந்தவர்களில் பாதிப் பேர் அடையாளத்துக்குக் காட்டவேண்டிய மருத்துவ அட்டையை மறந்துவிட்டு வந்தார்கள். அதற்கு வேறு தனி ஓட்டம்.

"பதட்டப்படாதை தங்கச்சி. அருமைராசாவையும் மனிசியையும் கொண்டுவாறன். மற்ற ஆளை நீ பார்."

பதட்டப்படாமல் எப்படி இருப்பது? பிரெஞ்சு பேசுகிற மாகாணத்தில், புவாண்ட்-கிளேருக்கு அடுத்த அந்தச் சிறிய நகரத்தில் மாலை ஆறுக்குப் பிறகு பஸ் இல்லை. வீட்டுக்கு இரண்டு கார் நிற்கிற ஊர். பஸ் எதற்கு என்று கேட்பவர்களே அதிகம். செல்வமலருக்கு வேர்ஹவுஸில் வேலை முடிய எட்டாகும். முன்பு கணவர் குணரத்தினம் காரில் வந்து கூட்டிப்போவார். அவருக்குக் கண் மங்கி லைசென்ஸும் போன பிறகு, நாற்பது நிமிட நடை. போன மாசியில் ஐஸில் வழுக்கி மணிக்கட்டு முறிந்தது. இந்தக் குளிர்காலத்துக்குள் பஸ் வராவிட்டால் வேலையை விடவேண்டியதுதான். வீட்டுக்கு வருகிற சம்பளமோ அந்த ஒன்றுதான்.

அப்படி இருக்கும்போதுதான் தபால்பெட்டியில் நகரசபை அறிவித்தல் விழுந்தது. பிரெஞ்சில் இரண்டு பக்கம். மகள் தக்ஷினி சப்பாத்தை மாட்டிக்கொண்டே முதற்பக்கத்தைப் பார்த்தாள். மாலையில் பஸ் விடக் கடன் எடுக்கிற விஷயமாம், ஒரு நாள் மட்டும் நகரசபையில் வைக்கிற பேரேட்டில் இருநூற்றுப் பதினான்கு கையெழுத்துச் சேர்ந்தால் ஊரில் வாக்கெடுப்பு வைப்பார்களாம் என்று சொல்லிவிட்டுப் பல்கலைக்கழகத்துக்கு ஓடிவிட்டாள்.

செல்வமலருக்கு அது போதும். கையெழுத்துச் சேர்ப்பது எங்கள் ஆட்களுக்குப் புதிதா என்ன? சிறையில் இருப்பவரை விடச் சொல்லி, காணாமல் போனவரைத் தேடச் சொல்லி, கோயிலுக்குக் கார் நிறுத்த இடம் கேட்டு என்று இருபத்தைந்து வருடமாகப் போட்ட கையெழுத்துக்குக் கணக்கில்லை. தாளை நீட்டினால் எதற்கென்று கேட்காமலே பேனாவைத் தேடுகிற கைகள். மூன்று வாரம் வீடு வீடாக ஏறி இறங்கினாள். வெள்ளைக்காரர் வீடுகளையும் விடவில்லை. ஒரு தட்டு ரோல்ஸோடு போய்த் தனக்குத் தெரிந்த அரைகுறைப் பிரெஞ்சில் பஸ்ஸின் அருமையைச் சொன்னாள்.

அந்த ரோல்ஸ் முசியூ லவுவாவையே கவிழ்த்துவிட்டது என்பதுதான் அவளுக்குப் பெருமை. நகரசபைக் கூட்டங்களில் எழுந்து நின்று, ஆளில்லாத வெறும் பஸ் என் தெருவில் ஓடத் தேவையில்லை என்று கத்திய மனிதர், இன்று காலை முதல் ஆளாக மனைவியோடு வந்து கையெழுத்துப் போட்டார். போதாததற்குத் தன் சிநேகிதர்களையும் கூட்டிவந்தார். இப்போது எங்கள் கிழடுகளுக்குக் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். அடி மேல் அடி அடித்தால் அம்மியும் நகரும்தானே.

ஆறு நாற்பதுக்கு அருமைராசாவும் மனைவியும் வந்தார்கள். மேசையில் இருந்த பெண் வழக்கம்போல, அறிவித்தலை வாசித்தீர்களா என்று பிரெஞ்சில் கேட்டாள். எல்லோரையும் போல அவர்களும் "வுய், வுய்" என்று தலையாட்டிவிட்டுப் போட்டார்கள். செல்வமலர் கையிலிருந்த அறிவித்தல் தாளின் பின்பக்கத்தில் மேலும் இரண்டு கோடு இழுத்தாள். இருநூற்றுப் பதின்மூன்று.

ஒன்று. ஒரே ஒன்று. தெரிந்தவர்களுக்கெல்லாம் அடித்துப் பார்த்தாள். எடுத்தவர்கள் எல்லோரும் போட்டுவிட்டார்கள், மற்றவர்கள் எடுக்கவில்லை.

மிச்சம் இருந்தது அவள் கணவர்தான். காலையில்தான் கண்ணில் ஊசி போட்டவர், குளிர்காற்றில் வரவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதனால்தான் அவரை விட்டுவைத்திருந்தாள். வேறு வழியில்லாமல் யோசெப் அண்ணையை அனுப்பினாள்.

ஆறு ஐம்பத்தாறுக்கு, கண்ணில் கட்டோடு, யோசெப் அண்ணையின் தோளைப் பிடித்தபடி குணரத்தினம் வந்து சேர்ந்தார்.

"இதில என்ன எழுதியிருக்கெண்டு ஒருக்கா வாசிச்சுச் சொல்லன், மலர்."

"நேரம் போகுது. பேந்து வாசிக்கலாம், இப்ப போடுங்கோ" என்று அவருடைய விரலைப் பிடித்துக் கோட்டில் வைத்தாள். அவர் தடவித் தடவிப் போட்டார்.

ஏழு மணிக்குப் பேரேட்டை மூடிய பெண் எண்ணிப் பார்த்து, இருநூற்றுப் பதினான்கு என்று அறிவித்தாள். யோசெப் அண்ணை கைதட்டினார். செல்வமலருக்கு அழுகையே வந்துவிட்டது; கணவரின் கையை விடாமல் பிடித்துக்கொண்டாள்.

முசியூ லவுவா வந்து அவளுடைய மற்றக் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவளுக்கு விளங்கட்டும் என்று மெல்ல மெல்லப் பேசினார். தன்னால் எழுபது பேரைத்தான் சேர்க்க முடிந்ததாம். அவள் இல்லாவிட்டால் நடந்திருக்காதாம். இனி வாக்கெடுப்பில் வெல்வது சுலபமாம்.

"மெர்சி, முசியூ. பஸ் எப்ப வரும்?" என்று பிரெஞ்சில் கேட்டாள் அவள்.

அவர் சிரிப்பு நின்றது. அவள் முகத்தையும் குணரத்தினத்தின் கண் கட்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அவள் கையிலிருந்த தாளை வாங்கித் திருப்பி, இரண்டாம் பக்கத்து வரிகளை விரல் வைத்துத் தாழ்ந்த குரலில் வாசித்தார்.

மாலை பஸ்ஸுக்கான தீர்மானத்தை நகரசபை ஏற்கெனவே நிறைவேற்றிவிட்டது. அதை எதிர்த்து வாக்கெடுப்புக் கேட்பவர்கள் மட்டும் வந்து கையெழுத்திடலாம். இருநூற்றுப் பதினான்குக்கு ஒன்று குறைந்தாலும் ஜனவரி முதலாம் திகதி பஸ் ஓடத் தொடங்கும்.